வாய்த்தாரியும் மெய்ப்பயிற்றும்

போர்க்கலை பயிலும் மாணவன் ஒருவன், எதிரே எவரும் நில்லாத வெறுந்தரையில், முன்னோர் வகுத்துவைத்த அசைவுகளை வகுத்த வரிசை பிறழாமல் ஆண்டுக்கணக்கில் அப்பியாசம் செய்து வருவதனால், மெய்யான எதிரி ஒருவன் கைநீட்டி முன்வரும் வேளையில் அவனுக்கு விளையும் பிரயோஜனம் யாது என்ற வினா, இன்று போர்க்கலைகளைப் பற்றிச் சிந்திப்பவர் அனைவரிடத்தும் எழுந்துள்ளது. இது வெறுஞ்சடங்கு என்று ஒதுக்குவோரும் உளர். கலையின் மர்மமெல்லாம் இதிலேயே அடங்கியிருக்கிறது என்று போற்றுவோரும் உளர். இரு சாராரும் பெரும்பாலும் ஒன்றைக் கேளாமலே வழக்காடுகின்றனர். வரிசையை மாணவன் தானாகவே ஓட்டிச் செல்கிறானா, அன்றி வேறொருவர் குரலுக்குச் செவிசாய்த்துச் செய்கிறானா என்பதே அது. இவ்வொன்றைத் தெளிந்துகொண்டால் விவாதத்தின் பெரும்பகுதி தீர்ந்துவிடும் என்று நான் கருதுகிறேன். அங்ஙனம் தெளிவதற்கு ஏற்ற நிலம், பாலக்காட்டுக் கணவாயிலிருந்து தெற்கே இடுக்கியின் மலையோரம் வரை செல்லும் நம் எல்லைப் பிரதேசமேயாகும்.

மேற்கு மலைத்தொடர் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்திற்கு விலகி வழிவிடும் பாலக்காட்டுக் கணவாய், காற்றுக்கும் வணிகத்துக்கும் வாசலாக இருந்ததுபோலவே படைகளுக்கும் வாசலாக இருந்தது. ஐதர் அலி 1766இல் எடுப்பித்த கோட்டை இன்றும் நகரின் நடுவே நிற்கிறது. 1956 நவம்பர் 1ஆம் தேதி வரையில் பாலக்காடு, சென்னையின் ஆளுகைக்குட்பட்ட மலபார் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. பக்கத்துச் சித்தூரோ நெடுங்காலம் கொச்சி சமஸ்தானத்துக்கு உரியது. கொழிஞ்சாம்பாறை, எருத்தேன்பதி, வடகரப்பதி முதலிய ஊர்களில் இன்றும் வீட்டு மொழி தமிழாக உள்ள குடும்பங்கள் மிகப் பல. தெற்கே, தேவிகுளம், பீர்மேடு, உடும்பஞ்சோலைத் தாலுகாக்களின் தேயிலை, ஏலத் தோட்டங்களுக்குப் போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் மலையேறிச் சென்றவர்களின் சந்ததியார் வாழ்கின்றனர். ஆகவே மேற்கிலிருந்து வந்த களரிப்பயிற்றும், கிழக்கிலிருந்து வந்த சிலம்பமும் அருகருகே காணத்தக்க பூமி இது. இரண்டும் கற்பவனை முதலில் எதிரியின் முன் நிறுத்துவதில்லை என்பதில் ஒன்றுபடுகின்றன.

களரியின் சிட்சை முறையைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். மரபின்படி பயிற்சிக்கூடமாகிய களரியானது 42 அடி நீளமும் 21 அடி அகலமும் உடையதாய், தரையை அகழ்ந்து தாழ்த்தி, கிழக்கே வாயிலும் தென்மேற்கு மூலையில் ஏழு படிகள் கொண்ட வழிபாட்டு மேடையாகிய பூத்தறையும் அமைத்துக் கட்டப்படுவது. இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை தொடங்குங்கால் மாணவர் சேர்க்கப்படுவர். மாணவன் உடலெங்கும் எண்ணெய் பூசி, நீண்ட கச்சையை அடிவயிறும் இடுப்பும் இறுகும்படி சுற்றிக் கட்டிக்கொண்டு, வலக்காலை முன்வைத்து இறங்கி, மண்ணைத் தொட்டு வணங்குகிறான். பின்னர், நேர்க்கால், வீத்துக்கால், கோண்கால், திரிச்சுக்கால் என்னும் காலெடுப்புகள் வருகின்றன. அவற்றோடு யானை, சிங்கம், குதிரை, பன்றி, பாம்பு, சேவல், பூனை, மயில் ஆகிய பிராணிகளின் பெயர் தாங்கிய வடிவுகளும் பயிலப்படுகின்றன. இந்த எட்டின் பட்டியல் சம்பிரதாயத்துக்குச் சம்பிரதாயம் சிறிது மாறும். இக்காலெடுப்புகளையும் வடிவுகளையும் ஒரே கோவையாக்கி, களரியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கும் மீண்டும் பழைய இடத்துக்குமாகச் செய்யப்படுவதே மெய்ப்பயிற்று. இதில் தேர்ந்த பின்னரே கெட்டுகாரி, மூன்று சாண் அளவுள்ள சிறுவடி, வளைந்த ஒற்றை ஆகிய கோல்களும், அவற்றுக்குப் பின்னர்க் கத்தி, வாள்பரிசை, வளையும் வாளான உறுமி ஆகிய ஆயுதங்களும், எல்லாவற்றுக்கும் இறுதியாக வெறுங்கைப் பிரயோகமும் உபதேசிக்கப்படுகின்றன.

யானையின் பெயர் தாங்கிய கஜ வடிவு ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். கால்கள் இரண்டையும் அகற்றி, முழங்கால்களை மடித்துத் தாழ்ந்து, கைகளை முகத்துக்கு நேரே உயர்த்தி நிற்றல் வேண்டும். பார்ப்பதற்கு எளிது. ஆனால் முதுகின் கீழ்ப்பகுதி உள்வளைந்தும் மார்பு விரிந்தும் இருக்கவேண்டும். முழங்கால் உட்புறம் சாயாமல் கால்விரல்களின் திசையிலேயே செல்லவேண்டும். பார்வை தரையில் விழாமல் எதிரே நிலைக்கவேண்டும். புதிய மாணவன் இவற்றுள் ஒன்றைத் திருத்தினால் மற்றொன்று பிழைக்கும். குதிகால் தானாகவே தரையிலிருந்து கிளம்பும். அதை ஊன்றினால் முதுகு கூனும். முதுகை நிமிர்த்தினால் மூச்சு நின்றுவிடும். இவையெல்லாம் ஒருங்கே அமைவதற்குச் செல்லும் மாதங்கள் வீணானவையல்ல. தாக்குண்டபோது நிலைகுலையாமை, தாழ்நிலையிலிருந்து ஒரே மூச்சில் பாய்ந்தெழும் ஆற்றல், உடலின் எந்த அவயவத்தையும் தனித்து அறியும் உணர்வு ஆகியவை எதிரியோடு மோதிக்கொண்டிருக்கும்போது கற்கத்தக்கவை அல்ல; மோதலின் அச்சத்தில் உடல் தான் ஏற்கெனவே அறிந்ததையே நாடும்.

எனினும் மெய்ப்பயிற்றின் உயிர்நிலை இவ்வடிவுகளில் மட்டும் இல்லை என்பதே என் துணிபு. அது வாய்த்தாரியில் இருக்கிறது. களரியாசானைக் குருக்கள் என்று அழைப்பது அந்நாட்டு வழக்கு. குருக்கள் பூத்தறைப் பக்கமாகவோ மாணவர் வரிசைக்கு அருகிலோ நின்றுகொண்டு, அடுத்து நிகழவேண்டிய அசைவை வாயாற் சொல்லுகிறார். சொல் பிறந்த பின்னரே அசைவு பிறக்கிறது. அமர்தல், மாறுதல், திரிதல், வலிதல் என்று நம் செவிக்கும் பழகிய வினைகளாலேயே ஆன அந்தக் கட்டளைக் கோவை, மாணவனுக்கு நெட்டுருவாகத் தெரிந்திருக்கும்; ஆயினும் அவன் நெட்டுருவை நம்பி முந்திச் செல்லலாகாது. குருக்கள் விரைந்து சொன்னால் விரையவேண்டும். அவர் ஒரு சொல்லை நீட்டினால் அந்த நிலையிலேயே தொடை நடுங்க நிற்கவேண்டும். தாழ்ந்த வடிவில் மாணவனை இருத்திவிட்டு அவர் பக்கத்திலுள்ள சிறுவனின் தோளைத் திருத்தச் சென்றாராயின், அடுத்த சொல் வரும்வரையில் மாணவன் செவியைத் தீட்டிக்கொண்டு காத்திருத்தல் வேண்டும். இவ்வாறு, அறிந்த ஒன்றையே அறியாதவன்போல் எதிர்பார்த்து நிற்கும் நிலை ஒவ்வொரு நாளும் அவனுக்கு நேர்கிறது. எதிரியின் முன் வேண்டப்படும் மனநிலை இதுவேயன்றோ? எதிரி என்ன செய்வான் என்று முன்கூட்டித் தீர்மானித்துவிடாமலும், அவன் செய்த பின்னர் ஒரு கணமும் தாமதியாமலும் இருக்கும் பக்குவத்தை, எதிரியில்லாமலே வாய்த்தாரி ஊட்டுகிறது. உடல் முழுதும் கண்ணாதல் என்று மலையாளக் களரியாசான்மார் தம் கலையின் முடிநிலையைக் குறிப்பர். திருவனந்தபுரத்தில் 1956இல் தொடங்கப்பெற்ற சி.வி.என். களரியில் நெடுங்காலம் பயின்ற அமெரிக்க நாடக அறிஞர் பிலிப் சரில்லி, களரிப்பயிற்றைப் பற்றி 1998இல் வெளியிட்ட பெருநூலுக்கு இக்கருத்தையே தலைப்பாக வைத்தார்.

கோல்களைப் பயிலும் கட்டமாகிய கோல்தாரிக்கு வந்ததும் வரிசை இருவருக்குரியதாகிறது. சிறுவடி ஏந்திய இருவர், இன்ன அடிக்கு இன்ன தடை என்று முன்னரே வகுக்கப்பட்ட கோவையைத்தான் செய்கின்றனர். ஆயினும் இங்கே ஒரு நியதி உண்டு. தலையை நோக்கி வரும் அடி, எதிரிலுள்ளவன் தடுக்கவோ விலகவோ தவறினால் தலையில் மெய்யாகவே விழத்தக்கதாக இருக்கவேண்டும். நட்புக் கருதியோ அச்சம் கருதியோ அரைச்சாண் தூரம் விலகி அடிப்பவன், தன் தோழனுக்குப் பொய்யான தூரத்தைக் கற்பித்தவனாகிறான். அந்தத் தூரத்தை நம்பிப் பழகிய தோழன் பின்னொருநாள் துன்புறுவான். வகுத்த வரிசை கோழைத்தனத்துக்கு இடங்கொடுக்கும் இடமும் இதுவே, துணிவைக் கற்பிக்கும் இடமும் இதுவே. எது நிகழும் என்பதை, பக்கத்தில் நிற்கும் ஆசானின் கண்டிப்பே தீர்மானிக்கிறது.

சிலம்பத்தின் பாதை வேறு, நோக்கம் ஒன்று. நெற்றியளவு உயரமுள்ள கம்பைக் கையில் எடுப்பதற்கு முன், மாணவன் சில காலம் காலடி வரிசையை மட்டும் பழகுகிறான். தரையில் கிழித்த கோடுகளின் மேல், எந்தக் கால் எந்தக் காலுக்குப் பின்னே செல்லும், உடலின் பாரம் எப்பொழுது மாறும் என்பது கால்களுக்கே மனப்பாடமாகும் வரையில் கம்பு அவனுக்குக் கிடைப்பதில்லை. தென் திருவிதாங்கூரிலும் குமரி நாட்டிலும் வழங்கிவரும் அடிமுறை என்னும் போர்க்கலையில் தனித்துச் செய்யும் ஒற்றைச் சுவடுகள் இதே பணியைச் செய்கின்றன. அங்கே ஆசானும் மாணவனும் பேசும் மொழியும், கலையின் ஏட்டுச்சுவடிகளின் மொழியும் பெரும்பாலும் தமிழே. இவற்றிலும் ஆசானின் குரல் உண்டு. எனினும் களரியின் வாய்த்தாரியைப் போல் முழு வரிசையையும் இடையறாது சொல்லிச் செலுத்தும் முறை அவற்றில் அவ்வளவு ஓங்கி வளரவில்லை. சிலம்பத்தில் அதற்கு ஈடாக நிற்பது, மாணவன் காலடியில் தேர்ந்தவுடனேயே எதிர்க்கம்பு ஒன்று அவன்மேல் வீசப்படுவதாகும்.

இனி எதிர்க்கட்சியின் வாதத்தைக் கேட்போம். அது அலட்சியம் செய்யத்தக்கதன்று. புரூஸ் லீ 1971இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையொன்றில், வகுத்த வரிசைகள் மனிதனைப் பாரம்பரியத்தின் கைதியாக்குகின்றன என்றும், உயிருள்ள சண்டையை அவை உறையச் செய்கின்றன என்றும் வன்மையாகக் கண்டித்தார். 1993 நவம்பரில் அமெரிக்காவின் டென்வர் நகரில், பல்வேறு போர்க்கலைகளைச் சேர்ந்தோர் மிகச் சில விதிகளோடு ஒருவரோடொருவர் பொருத வைக்கப்பட்ட போட்டியில், எதிர்க்கும் உடலோடு நாள்தோறும் மல்லாடிப் பழகிய மற்போர் வகையினர் பெற்ற வெற்றி, வரிசைகளை மட்டும் நம்பியிருந்த பள்ளிகளைத் தலைகுனிய வைத்தது. இவ்விமரிசனத்திலுள்ள உண்மையை நான் மறுக்கவில்லை. மெய்ப்பயிற்றில் சிறந்தவன் சண்டையில் சிறந்தவனாகிவிடுவான் என்று எந்த நேர்மையான களரியாசானும் சொல்லமாட்டார். ஜப்பானில் 1882இல் ஜூடோவை நிறுவிய கானோ ஜிகோரோவே வகுத்த வரிசையை இலக்கணத்துக்கும், தடையின்றிப் பொருதும் பயிற்சியைச் சொந்தமாகக் கட்டுரை எழுதுவதற்கும் ஒப்பிட்டு, இரண்டையும் விடாது வைத்துக்கொண்டார். அவர் கண்ட சமநிலை எல்லாருக்கும் வாய்க்கவில்லை. ஓகினாவாத் தீவின் கராத்தே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பள்ளிப் பாடமாக்கப்பட்டபோது, இட்டோசு ஆங்கோ சிறுவருக்கென எளிய வரிசைகளை அமைத்தார். வகுப்பறைக்கேற்ற அந்தக் கூட்டுப்பயிற்சி உலகெங்கும் பரவியதேயன்றி, தனி மாணவனின் தோளைத் தொட்டுத் திருத்திய பழைய ஆசிரியனின் அருகாமை அதனோடு பரவவில்லை.

நவீன சாஸ்திரமும் இதில் சொல்லத்தக்கது ஒன்றைக் கண்டிருக்கிறது. ருஷ்ய உடலியல் அறிஞர் நிக்கலாய் பெர்ன்ஸ்டைன் 1920-களில் மாஸ்கோவில், தேர்ந்த தொழிலாளர் சுத்தியலால் அடிப்பதைத் தொடர் நிழற்படங்களாகப் பதிந்து ஆராய்ந்தார். சுத்தியலின் முனை ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே இடத்தில் விழுந்தது. ஆனால் அதனை அங்கே கொண்டு சேர்த்த தோள், முழங்கை, மணிக்கட்டு ஆகியவற்றின் வழி முறைக்கு முறை வேறுபட்டது. அப்பியாசம் என்பது ஒரு தீர்வை மீண்டும் மீண்டும் பதிப்பித்தலன்று, ஒரு பிரச்சினையை ஒவ்வொரு முறையும் புதிதாகத் தீர்த்தல் என்ற முடிவுக்கு அவர் வந்தார். 1979இல் ஷே, மார்கன் என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர், ஒரே வேலையைத் தொகுதி தொகுதியாகப் பழகியவரையும், பல வேலைகளைக் கலைத்துப்போட்டு எது வரும் என அறியாமல் பழகியவரையும் ஒப்பிட்டனர். பழகும்போது முன்னவரே சிறப்பாகச் செய்தனர். பின்னர்ச் சோதித்தபோது நினைவிலும், புதிய சூழ்நிலைக்கு மாற்றிக்கொள்வதிலும் பின்னவரே விஞ்சினர். இவ்விரு முடிவுகளையும் வைத்துப் பார்க்கும்போது, தாளக்கட்டான இசைக்கு ஒரே வேகத்தில் ஓட்டப்படும் வரிசை மாணவனுக்கு மிகக் குறைந்த பயனையே தரும் என்பதும், வேகமும் இடைவெளியும் நிற்கும் இடமும் ஆசானின் விருப்பப்படி மாறிக்கொண்டேயிருக்கும் வாய்த்தாரி, ஒரே கோவையை நாள்தோறும் புதிய பிரச்சினையாக்கிக் கொடுக்கிறது என்பதும் தெளிவாகின்றன. களரியாசான்மார் பெர்ன்ஸ்டைனைப் படித்தவரல்லர்; அவர் சொன்னதைக் குரலால் செய்துவந்தவர்.

வரிசைகளுக்கு மற்றொரு பெரும்பணியும் உண்டு. கலை தடைப்பட்ட காலத்தில் அதனைச் சுமந்து வருவதே அது. 1805 நவம்பர் 30இல் ஆங்கிலேயரை எதிர்த்த பழசிராஜா வீழ்ந்ததும், 1809இல் வேலுத்தம்பி தளவாயின் கிளர்ச்சி ஒடுக்கப்பட்டதும், மலபாரிலும் திருவிதாங்கூரிலும் ஆயுதம் ஏந்திய வாழ்க்கைக்கு முடிவு கட்டின. போர் போயிற்று, அங்கம் என்னும் இருவர் போர் புரியும் வழக்கும் போயிற்று, படைத்தலைவர்களின் ஆதரவும் போயிற்று. எஞ்சி நின்றவை, ஒரு சில குடும்பங்களிலும் குருக்கன்மாரிடத்திலும் உடலோடு ஒட்டிக்கிடந்த மெய்ப்பயிற்றும் வாய்த்தாரியும் உழிச்சில் என்னும் உடல் நீவுதலுமே. 1920-களில் கோட்டக்கல் கணாரன் குருக்களும் அவர் மாணவர் சி.வி. நாராயணன் நாயரும் களரிக்கு மறுவாழ்வு அளிக்க முற்பட்டபோது, வரிசைகள் அழியாமல் இருந்தமையாலன்றோ அம்முயற்சி கைகூடியது? தடையற்ற சண்டைப் பயிற்சி மட்டுமே கலையாக இருந்திருந்தால், ஒரு தலைமுறை அதனைக் கைவிட்டதும் அதன் சுவடே இல்லாமற் போயிருக்கும்.

பாலக்காட்டுக் கிராமங்களில் இந்தச் சுமந்துவருதல் விசித்திரமான உருக்கொண்டது. சித்தூர்ப் பகவதி க்ஷேத்திரத்தில் கும்ப மாதத்தில் கொண்டாடப்படும் கொங்கன்படை, கொங்குநாட்டு அரசனின் படையெடுப்பைத் தேவியின் துணையால் ஊரார் முறியடித்ததாகச் சொல்லப்படும் ஐதிகத்தை ஆண்டுதோறும் நடித்துக் காட்டுவது; போர் அறைகூவலான ஓலை வாசிக்கப்படுகிறது, ஊர் திரண்டு படையாக எழுகிறது. கொங்கு நாட்டார் வழிவந்தவர் பலர் அப்பக்கத்திலேயே குடியிருந்து அந்த விழாவைக் காண்பதும், அதனால் எவரும் மனம் நோகாததும் எல்லைப்புற வாழ்வின் சிறப்புகளுள் ஒன்று. ஆலத்தூர், சித்தூர்த் தாலுகாக்களில் தேசங்கள் எனப்படும் ஊர்களில் நாயர் குலத்தார் இரவு முழுதும் நடத்தும் கண்ணியார்களி இன்னும் கவனத்துக்குரியது. ஒன்பது கால் பந்தலில் விளக்கைச் சுற்றி வட்டமிட்டு ஆடும் வட்டக்களியின் காலடிகள் களரியிலிருந்து பிறந்தவை என்பது அந்நாட்டு மரபு. புறாட்டு என்னும் பகுதியில் பல குலத்தாரின் வேடங்களும், தமிழ் விரவிய பாட்டுகளும் வருகின்றன. இங்கே ஆடுவோரில் ஒருவரும் சண்டைக்கு ஆயத்தமாவதில்லை. எனினும் இறுகத் தாழ்ந்த நிலையும், ஒருவர் பாட்டுக்கு ஊரே ஒருசேரத் திரும்பும் ஒழுங்கும் உள்ளன. கதகளிக் களரிகளில் மழைக்காலத்தில் எண்ணெய் பூசிச் செய்யும் மெய்ப்பயிற்சியும் உழிச்சிலும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. சண்டையைத் துறந்த வரிசை இவற்றில் வழிபாட்டையும் நாட்டியத்தையும் தன் புதிய காரியமாக ஏற்றுக்கொண்டது. அது வீழ்ச்சி என்று நான் கருதவில்லை. செவிகொடுத்து ஆடும் பழக்கம் அங்கே குன்றாமல் இருக்கிறது.

இடுக்கியில் நிலைமை வேறு. தேக்கடிக்குச் செல்லும் குமுளியிலும், மூணாற்றிலும், பிரயாணிகளுக்காகவென்றே கட்டிய அரங்குகளில் மாலைதோறும் ஏறத்தாழ ஒரு மணி நேரம் களரிப்பயிற்று காட்டப்படுகிறது. இளைஞர் காற்றில் எழும்பித் திரும்புவதும், உறுமி மின்னுவதும், இறுதியில் நெருப்பு வளையத்தினூடே பாய்வதும் பார்ப்பவரை மெய்ம்மறக்கச் செய்கின்றன. அவ்விளைஞரின் திறமையும் உழைப்பும் மதிக்கத்தக்கன. அவ்வருவாய் இல்லையேல் அவர்களிற் பலர் களரியை விட்டே போயிருப்பர் என்பதும் உண்மை. ஆனால் ஒரே நிகழ்ச்சி ஒரே நேர அளவில் நாள்தோறும் நிகழவேண்டிய கட்டாயம் இருக்கும் இடத்தில், வாய்த்தாரி எதிர்பாராத சொல்லாக இருக்க முடிவதில்லை. அது அரங்க அலங்காரமாகிவிடுகிறது. சொல்லுக்கு முன்பே உடல் புறப்பட்டுவிடுகிறது. விழிப்புக்கென்று எழுந்த வரிசை, நாளடைவில் விழிப்பில்லாமலே செய்யக்கூடிய ஒன்றாகிவிடும் அபாயம் அங்கே பெரிது.

போட்டிகளிலும் அதே அபாயம் வேறு வேடத்தில் வருகிறது. 2023இல் கோவாவில் நடந்த தேசிய விளையாட்டுப் போட்டிகளில் களரிப்பயிற்று பதக்கத்துக்குரிய போட்டியாக இடம்பெற்றது. 2025இல் உத்தராகண்டில் அது காட்சி நிகழ்ச்சியாக மட்டுமே வைக்கப்பட்டமை கேரளத்தில் மனவருத்தத்தை உண்டாக்கியது. மீண்டும் பதக்கப் போட்டியாவதற்கு முயல்வது நியாயமே. போட்டியில் மெய்ப்பயிற்றும் மதிப்பெண்ணுக்குரிய ஒரு பிரிவு; மாணவன் தனக்கு வேண்டிய வேகத்தில், தான் ஆயிரம்முறை ஒத்திகை பார்த்த கோவையை நடுவர்முன் செய்து முடிக்கிறான். வளைவின் அழகும் காலின் உயரமும் அளக்கப்படுகின்றன. செவியும் மனமும் அளக்கப்படுவதில்லை. இதற்கு ஒரு திருத்தம் செய்வது கடினமன்று. போட்டியாளர் எந்தக் களரியைச் சேர்ந்தவராயினும், அவர்க்கு அறிமுகமில்லாத வேறொரு களரியின் குருக்கள் ஒருவர் களத்தில் நின்று வாய்த்தாரி சொல்லட்டும். எல்லாச் சம்பிரதாயங்களுக்கும் பொதுவான சில வடிவுகளையும் காலெடுப்புகளையும் முன்னரே அறிவித்துவிட்டு, அவற்றின் வரிசையையும் வேகத்தையும் நிறுத்தத்தையும் அவர் அந்தக் கணத்திலேயே தீர்மானிக்கட்டும். சொல்லுக்கு முந்தியவனுக்கும் சொல்லுக்குப் பிந்தியவனுக்கும் மதிப்பெண் குறையட்டும். சிலம்பப் போட்டிகளின் தனித்திறன் பிரிவிலும் இதனைச் செய்து பார்க்கலாம். பாலக்காட்டிலும் தேனியிலும் இடுக்கியிலும் உள்ள களரிகளும் சிலம்பக்கூடங்களும் ஆண்டுக்கொருமுறை ஒன்றுகூடி இவ்வகைப் போட்டியைத் தாமாகவே நடத்த எந்தச் சட்டமும் தடையாக இல்லை. வேண்டுவன ஒரு மைதானமும், மாற்றார் மாணவனுக்குச் சொல்லிக்கொடுக்கக் கூசாத சில ஆசான்மாருமே.